கிளைப்பாதை மூடலும் சாலைத் தேய்மானமும்: தென்மேற்கு சஸ்காச்சுவான் குறித்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், தானியம் ஏற்றுவதற்கென்றே போடப்பட்ட ரயில் கிளைப்பாதைகள் 1990களின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றில் ஓடிய சுமை அப்பகுதிச் சாலைகளுக்கு வந்தது. மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், அசினிபோயாவிலிருந்து ஷானவன் வழியாக மேற்கே செல்லும் பாதைகளை உள்ளூர் விவசாயிகளும் ஊரக உள்ளாட்சிகளும் 2004இல் சேர்ந்து வாங்கினர். மூடல் எப்படித் தொடங்கியது, சாலைகளில் என்ன தெரிந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள், அந்த முடிவுகள் எங்கே பொருந்தின, எங்கே தவறின என்பதைக் காலவரிசையில் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ரயில் கணக்கில் மிச்சமாகத் தெரிந்த தொகையில் ஒரு பகுதி சாலைக் கணக்கில் செலவாக எழுதப்பட்டது என்பதும், அந்த இரண்டு கணக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை என்பதும் இந்த நிகழ்வின் மையம்.

பின்னணி

சஸ்காச்சுவான் கோதுமைக்கும் பருப்பு வகைகளுக்கும் பெயர்பெற்றது; இலங்கைச் சமையலறைகளில் வேகும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு கனடாவிலிருந்தே வருகிறது. மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. விளைந்ததை மேற்கே பசிபிக் துறைமுகங்களுக்கோ கிழக்கே தண்டர் பே துறைமுகத்துக்கோ ரயிலில்தான் அனுப்பியாக வேண்டும். குதிரை வண்டியில் ஒரே நாளில் தானியத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கில், 8 முதல் 10 மைலுக்கு ஒரு நிலையமும் அதன் அருகில் தானியத்தைச் சேமித்து வேகனில் ஏற்றும் மரத்தாலான தானியக் கோபுரமும் எழுந்தன. 1930களின் தொடக்கத்தில் மேற்குக் கனடாவின் சமவெளிகளில் உரிமம் பெற்ற கோபுரங்கள் 5,700க்கும் மேல் இருந்தன.

இந்த அடர்த்தியைத் தாங்கி நின்றது மலிவான ரயில் கட்டணம். 1897இல் கனடிய பசிபிக் ரயில்வேயுடன் அரசு செய்த குரோஸ்நெஸ்ட் கணவாய் ஒப்பந்தம் தானியக் கட்டணத்தைக் குறைத்தது. 1925இல் அந்தக் குறைந்த கட்டணம் சட்டமாகவே ஆக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் கட்டணம் ரயில் நிறுவனங்களின் செலவுக்கு எவ்விதத்திலும் ஈடாகாத நிலை வந்தபோது, அவை கிளைப்பாதைகளில் முதலீடு செய்வதை நிறுத்தின. இலகுவான தண்டவாளம், உளுத்த ஸ்லீப்பர் கட்டைகள், மணிக்கு 15 அல்லது 25 மைலைத் தாண்ட முடியாத வேகம் என்று பாதைகள் நலிந்தன. 1984இல் நடைமுறைக்கு வந்த மேற்குத் தானியப் போக்குவரத்துச் சட்டம், இடைவெளியை அரசு மானியத்தால் நிரப்பியது. அந்த மானியம் 1995 ஆகஸ்ட் 1 அன்று நின்றது. நில உரிமையாளர்களுக்கு 160 கோடி கனடிய டாலர் ஒரே தடவையாகக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த கனடாப் போக்குவரத்துச் சட்டம், பாதையைக் கைவிடும் நடைமுறையை எளிதாக்கியது. நிறுவனம் மூன்றாண்டுத் திட்டத்தில் பாதையின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பிறகு விற்பனைக்கு அறிவிக்க வேண்டும். வாங்க ஆளில்லையெனில், பெயர்த்து விற்றால் கிடைக்கும் நிகர இரும்புமதிப்பில் அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கொடுக்க முன்வர வேண்டும். அவர்களும் மறுத்தால் பெயர்த்துக்கொள்ளலாம்.

சாலைகளின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். மாகாணத்தின் அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். ஏறத்தாழ 300 ஊரக உள்ளாட்சிகள் மட்டும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளைப் பராமரித்தன. அவற்றில் பெரும்பகுதி சரளையும் மண்ணும். உள்ளாட்சியின் முதன்மை வருவாய் விளைநிலத்தின் மீதான சொத்து வரி, முதன்மைச் செலவு சாலை. மாகாண நெடுஞ்சாலைகளிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஜல்லி அடுக்கு எதுவும் இல்லாமல் மண்தளத்தின் மீதே மெல்லிய தார்ப்பூச்சாகப் போடப்பட்டவை இருந்தன. காரும் சிறு லாரியும் புழுதியின்றிப் போகட்டும் என்ற எண்ணத்தில் போட்டவை அவை. அரைக்கிலோமீட்டர் நீளத் தானிய ரயிலின் வேலையை ஒருநாள் தாங்கள் செய்ய வேண்டிவரும் என்று அவற்றைப் போட்டவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

மூடல் நடந்த விதம்

ரயில் நிறுவனமும் தானியக் கோபுர நிறுவனங்களும் ஒருவரையொருவர் காரணம் காட்டின. பாதை மூடப்படப் போகிறது என்பதால் அதன் மீதுள்ள கோபுரத்தில் செலவிட மாட்டோம் என்றன தானிய நிறுவனங்கள். கோபுரங்கள் மூடப்படுவதால் பாதையில் சுமை இல்லை என்றது ரயில் நிறுவனம். இரண்டும் உண்மை, அதனால்தான் சுழல் வேகம் பிடித்தது. அதே நேரத்தில், பிரதான பாதைகளின் ஓரத்தில் பெரும் கான்கிரீட் தானிய முனையங்கள் எழுந்தன. 25, 50, 100 வேகன்களை ஒரே இடத்தில் ஒரே தடவையில் நிரப்பினால் ரயில் கட்டணத்தில் தள்ளுபடி கிடைத்தது. பத்து வேகன்களுக்கே இடமுள்ள மரக்கோபுரம் அந்தத் தள்ளுபடிக்கு ஒருபோதும் தகுதி பெற முடியாது.

ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கின்படி சரியாகவே நடந்துகொண்டது. ஆண்டுக்குச் சில நூறு வேகன்களுக்காக நூறு கிலோமீட்டர் பாதையைக் காப்பது ரயில் நிறுவனத்துக்கு நட்டம்தான். விவசாயியும் அதிக விலை தரும் தொலைதூர முனையத்துக்கே லாரியை ஓட்டினார்; பக்கத்துக் கோபுரம் திறந்திருந்த காலத்திலேயே பலர் அப்படி ஓட்டத் தொடங்கிவிட்டனர். இதைச் சொல்லாமல் ரயில் நிறுவனத்தை மட்டும் குற்றம் சாட்டும் விவரிப்புகள் முழுமையானவை அல்ல.

சாலைகளில் தென்பட்டவை

முதலில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பெரிய லாரிகள் வந்ததால் சாலை கெட்டது என்பதே ஊரில் பரவலாகச் சொல்லப்பட்டது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆஷோ (AASHO) என்ற மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் அமைப்பு நடத்திய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற விதி, தேய்மானம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் உயர்கிறது என்பது. அச்சின் சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்காகும். அதாவது சாலை பார்ப்பது லாரியின் மொத்த எடையை அல்ல, ஒவ்வொரு அச்சும் தரும் எடையை. 62.5 டன் மொத்த எடை கொண்ட எட்டு அச்சு இரட்டை டிரெய்லர் லாரி தன் சுமையை நன்றாகவே பகிர்ந்துகொள்கிறது. பின்னால் ஒற்றை அச்சுடன் 8 டன் ஏற்றிய பழைய பண்ணை லாரியின் பின்னச்சு 9 டன்னை எட்டிவிடும். டன்னுக்கு டன், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வைத்துப் பார்த்தால் புதிய லாரி சாலைக்குச் சற்று இதமானது.

அப்படியானால் சாலைகள் ஏன் கெட்டன? ஒரு விளக்கக் கணக்கு இதைக் காட்டும். ஒரு கிளைப்பாதை ஆண்டுக்கு 1,00,000 டன் தானியம் ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். 90 டன் கொள்ளும், அடிவழியே தானியத்தைக் கொட்டும் ஹாப்பர் வேகன்களில் அது ஏறத்தாழ 1,100 வேகன். பாதை இருந்தபோது பண்ணையிலிருந்து கோபுரத்துக்குச் சராசரி 15 கிலோமீட்டர். 8 டன் லாரியில் 12,500 நடை, சுமையுடன் ஓடிய தூரம் 1,87,500 கிலோமீட்டர். பாதை போனபின் முனையத்துக்குச் சராசரி 75 கிலோமீட்டர். 43 டன் ஏற்றும் லாரியில் ஏறத்தாழ 2,300 நடை, ஓடிய தூரம் 1,72,500 கிலோமீட்டர். சாலையோரம் உட்கார்ந்து லாரிகளை எண்ணுபவருக்குப் போக்குவரத்து குறைந்தது போலவே தோன்றும். ஆனால் 8.2 டன் நிலையான அச்சை அலகாக வைத்து நான்காம் அடுக்கு விதியில் கணக்கிட்டால், பழைய லாரியின் ஒரு நடை ஏறத்தாழ 1.5 அலகு, புதியதன் ஒரு நடை 5 முதல் 7 அலகு. மொத்தத் தேய்மானம் மூன்று முதல் நான்கு மடங்கு. டன் ஒன்றுக்கான சேதம் சிறிது குறைந்தும், தூரம் ஐந்து மடங்கானதால் மொத்தம் ஏறிவிட்டது. லாரி எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கும் அலுவலகம் இதைத் தவறவிட்டுவிடும்.

இரண்டாவதாக, சுமை ஒரே வழியில் குவிந்தது. இந்தச் சமவெளியின் நில அளவை வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்றும் கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றும் என்று சாலைக்கான இடத்தை ஒதுக்கியிருந்தது. முன்பு தானியம் இந்தக் கட்டங்களில் பரவி, பல கோபுரங்களுக்குச் சென்றது. இப்போது எல்லாக் கட்டங்களிலிருந்தும் வந்து ஒன்றிரண்டு சாலைகளில் சேர்ந்தது. ஓர் ஊரக உள்ளாட்சி பெரும்பாலும் 18 மைலுக்கு 18 மைல் சதுரம். எனவே 75 கிலோமீட்டர் நடை ஒன்று இரண்டு மூன்று உள்ளாட்சிகளைக் கடக்கிறது. நடுவில் உள்ள உள்ளாட்சிக்கு அந்தத் தானியத்தால் வரியாக ஒரு காசும் இல்லை, சரளை போடும் செலவு மட்டும் உண்டு. தன் எல்லைக்குள் இருந்த கோபுரங்களும் ரயில் நிலமும் தந்த வரியையும் அது சேர்த்தே இழந்தது.

மூன்றாவதும், என் பார்வையில் முதன்மையானதும், பருவம். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து சாலை பாறைபோல் இறுகுகிறது; அதனால்தான் அம்மாதங்களில் கூடுதல் எடைக்கு மாகாணம் அனுமதி தருகிறது. மார்ச்சில் உருகல் மேலிருந்து கீழே தொடங்குகிறது. மேலே நீர், கீழே இன்னும் உறைந்த அடுக்கு. நீர் வடிய வழியில்லாமல் நடுவில் மண் கூழாகிறது. ஜல்லி அடித்தளம் உள்ள சாலை இதை ஓரளவு தாங்கும். மெல்லிய தார்ப்பூச்சு மட்டும் உள்ள சாலையில், அந்தச் சில வாரங்களில் ஓடும் சில நூறு லாரிகள் ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் நடக்காத சேதத்தைச் செய்துவிடும். தார்ப்படலம் முதலைத்தோல் போல வெடித்து, துண்டு துண்டாகப் பெயர்ந்து, குழியாகிறது. வசந்தகால எடைக் கட்டுப்பாடு இதற்காகவே இருக்கிறது. ஆனால் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும்போது தானியமும் நகர்ந்தாக வேண்டும். தண்டவாளம் இருந்த காலத்தில் ரயில் அந்த வாரங்களிலும் ஓடியது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மாகாண அரசு முதலில் எடுத்தது கசப்பான முடிவு: காப்பாற்ற முடியாத தார்ப்பூச்சுச் சாலைகள் சிலவற்றைக் கிளறி மீண்டும் சரளைச் சாலையாக்கியது. சரளை குழிவிழுந்தால், சாலையைச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரத்தால் இழுத்துவிடலாம். உடைந்த தார்ப்பூச்சை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கின்படி அது நியாயமானது. ஆனால் தந்தை காலத்தில் வந்த தார்ச்சாலை மகன் காலத்தில் திரும்பிப் போனதைக் கண்ட ஊர்களில் அது எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உள்ளாட்சிகளுடன் செய்துகொண்ட மாற்றுவழி உடன்பாடுகள். கனரக லாரிகளைத் தார்ப்பூச்சு நெடுஞ்சாலையிலிருந்து இணையாகச் செல்லும் உள்ளாட்சிச் சரளைச் சாலைக்குத் திருப்பி, அதன் பராமரிப்பில் மாகாணம் பங்கேற்றது. குறைந்த பணத்தில் நிறைந்த பலன் தந்த நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. எல்லை கடந்து யோசிப்பதற்காகப் பகுதிவாரிப் போக்குவரத்துத் திட்டக் குழுக்களும் ஏற்பட்டன.

மத்திய அரசு 2000இல் சட்டத்தைத் திருத்தியது. தானியத்தை நம்பிய கிளைப்பாதையை மூடும் நிறுவனம், பாதை செல்லும் உள்ளாட்சிக்கு மைலுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வீதம் மூன்றாண்டுகள் தர வேண்டும் என்றாயிற்று. உள்ளாட்சி ஒன்றில் 18 மைல் பாதை என்றால் மொத்தம் 5,40,000 டாலர். சமவெளி மாகாணங்களின் தானியச் சாலைகளுக்கென 17.5 கோடி டாலர் மத்தியத் திட்டமும் அதே காலத்தில் வந்தது. மூடுபவர் சாலைக்குக் கடன்பட்டவர் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது முக்கியமான படி. ஆனால் அளவுகோல் பொருந்தவில்லை. தொகை தண்டவாள மைலைக் கொண்டு கணக்கிடப்பட்டது, சாலையின் தேய்மானத்தைக் கொண்டல்ல. பாதை தன் எல்லைக்குள் இல்லாமல், லாரிகள் மட்டும் கடந்துபோகும் உள்ளாட்சிக்கு எதுவும் கிடைக்காது. மூன்றாண்டு முடிந்தபின் பணம் நிற்கும், லாரி நிற்காது. 1996க்கும் 2000க்கும் இடையில் மூடப்பட்ட பாதைகள் இதற்குள் வரவேயில்லை.

நான்காவது முடிவு விவசாயிகளுடையது. பெரிய நிறுவனங்கள் விட்ட சிறு பாதைகளை வாங்கி ஓட்டும் குறும்பாதை நிறுவனங்களில் மாகாணத்தின் முதலாவது 1989இலேயே கூட்டுறவாகத் தோன்றியிருந்தது. 1999இல் பாங்மன் முதல் விலோ பன்ச் வரையிலான பாதையை வாங்கிய உள்ளூர் மக்கள் தங்கள் நிறுவனத்துக்கு ‘ரெட் கோட் ரோட் அண்ட் ரயில்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே சாலை முதலில் வருகிறது. ரயில் பாதையை வாங்கியவர்களின் கவலை எதைப் பற்றியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தென்மேற்கில் கனடிய பசிபிக் நிறுவனம் விட்ட பாதைகளை 2000இல் ஒரு தனியார் நிறுவனம் வாங்கி ‘கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே’ என்ற பெயரில் ஓட்டியது. 2004இல் அது கை மாறியபோது விவசாயிகளும் உள்ளாட்சிகளும் பங்கு போட்டு வாங்கினர். 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தடம் அவர்கள் கைக்கு வந்தது. குறும்பாதைகளை வாங்குவோருக்கு மாகாணம் வட்டியில்லாக் கடன் அளித்துவந்தது. பாதை நின்றால் நெடுஞ்சாலைச் செலவு ஏறும் என்பதே அந்தக் கடனின் அடிப்படை நியாயம்.

வாங்கியவர்களுக்குப் பிடிமானமாக இருந்தது ஒரு பழைய உரிமை. 1902இல் சின்டலூட்டா என்ற ஊரின் விவசாயிகள் தொடுத்த வழக்குக்குப் பிறகு, தானிய நிறுவனத்தை நாடாமல் தாங்களே வேகனை வரவழைத்து நிரப்பும் உரிமை உறுதியானது. கோபுரம் மூடிய ஊர்களிலும் பாதையோரத்தில் ஏற்றுதளம் அமைத்து வேகன்களை நிரப்ப அது வழி செய்தது. கோபுரக் கட்டணம் மிச்சமானது. லாரி நடை பழைய 15, 20 கிலோமீட்டருக்குள் நின்றது.

தொடர்ந்தவை

பாதை தப்பியது, ஆனால் சுமை தானாக வந்துவிடவில்லை. 100 வேகன் தள்ளுபடி முனையங்களின் ஈர்ப்பு தொடர்ந்தது. பாதையின் பங்குதாரரே தன் தானியத்தில் ஒரு பகுதியை முனையத்துக்கு லாரியில் கொண்டுபோன நேரங்கள் உண்டு. 2012 ஆகஸ்டில் மேற்குக் கனடாவின் கோதுமையை விற்பதில் கனடியக் கோதுமை வாரியத்துக்கு இருந்த தனியுரிமை முடிவுக்கு வந்தபோது, வாரியத்தின் ஒழுங்கமைப்பைச் சார்ந்திருந்த, விவசாயிகள் தாங்களே நிரப்பும் வேகன்களின் எண்ணிக்கை சரிந்தது. குறும்பாதைகள் வேலையில்லாத வேகன்களைத் தங்கள் தடத்தில் நிறுத்திவைத்து வாடகை பெறுவது போன்ற பிற வருவாய்களைத் தேடின. தானியத்துக்காக வாங்கிய பாதை காலி வேகன்களின் வாடகையால் பிழைப்பது முரண்தான். ஆனாலும் தடம் பெயர்க்கப்படாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயர்க்கப்பட்ட இடங்களில் கதை வேறு. தண்டவாளமும் கட்டைகளும் விற்கப்பட்டு, அவை கிடந்த மண்கரை துண்டு துண்டாக அண்டை நிலத்தாருக்குப் போனபின், ஒரு கிளைப்பாதையை மீண்டும் போடும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கனரகச் சாலையைத் தடித்த ஜல்லி அடித்தளத்துடன் கட்டுவது மட்டுமே எஞ்சிய தெரிவு. அந்தக் கட்டுமானமும் வழிநெடுக ஒரே தடவையில் நடக்காமல், நிதி வந்த ஆண்டுகளில் துண்டு துண்டாக நடந்தது.

இதே நிலை மீண்டும் வந்தால் மாற்ற வேண்டியவை

மூடலுக்கு முன்பே சாலையின் வலிமையை அளந்து பதிவு செய்திருக்க வேண்டும். சுமையின் கீழ் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்பதை அளக்கும் கருவிகள் அப்போதே இருந்தன. வசந்தத்தில் ஓர் அளவு, கோடையில் ஓர் அளவு என்று இரண்டு பதிவுகள் கையில் இருந்திருந்தால், பிற்பாடு எவ்வளவு சேதம் தானியத்தால், எவ்வளவு முதுமையால் என்ற நீண்ட வாதத்துக்கு இடமிருந்திருக்காது.

இழப்பீட்டை டன்-கிலோமீட்டரில், அதாவது ஏற்றிய டன்னை ஓடிய தூரத்தால் பெருக்கிக் கணக்கிட்டு, லாரிகள் உண்மையில் ஓடும் வழிகளில் உள்ள உள்ளாட்சிகளுக்குப் பங்கிட வேண்டும். கோடையில் ஓடும் டன்னைவிட உருகல் வாரங்களில் ஓடும் டன்னுக்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டும். தொகையை மூன்றாண்டுக்குள் முடிக்காமல், ஒரு சாலையை மறுகட்டமைப்புச் செய்யும் சுழற்சிக்கு நிகராக நீட்டிக்க வேண்டும்.

பேச்சு தொடங்கும் நேரமும் மாற வேண்டும். சட்டம் பேச அழைத்தது ரயில் நிறுவனம் மூடலை அறிவித்தபின். அதற்குள் கோபுரங்கள் மூடப்பட்டு, சுமை கலைந்து, பாதையின் மதிப்பு இரும்பு விலைக்கு இறங்கிவிட்டிருந்தது. பாதையில் முதல் கோபுரம் மூடும்போதே மாகாணமும் உள்ளாட்சிகளும் ரயில் நிறுவனமும் உட்கார்ந்து, இந்தச் சுமை சாலைக்கு வந்தால் எந்த வழியில் வரும், அந்த வழியைக் கட்ட எவ்வளவு ஆகும், அந்தத் தொகையில் பாதியைப் பாதைக்குக் கொடுத்தால் அது நிற்குமா என்று கேட்டிருக்கலாம். தென்மேற்கில் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டவர்கள் சாலை வரியையும் லாரி வாடகையையும் ஒரே பையிலிருந்து கொடுத்துவந்த விவசாயிகள்.

பாதையை ஓட்ட முடியாமல் போனாலும், கரையை மட்டுமாவது பொது உடைமையாக வைத்திருக்க வேண்டும். பெயர்த்த தண்டவாளத்தை மறுபடி வாங்கிப் போடலாம். நூறு பேருக்குப் பிரித்து விற்ற கரையைச் சேர்ப்பது வழக்கு மன்றத்தில் முடியும் வேலை.